விண்வெளி நிலையத்தை வெறுங்கண்ணால் காணுதல்

விண்வெளி நிலையத்தை வெறுங்கண்ணால் காணுதல் என்பது, மனிதர் தங்கிப் பணிபுரியும் பொருட்டுப் பூமியைச் சுற்றிவருமாறு அமைக்கப்பட்ட கலத்தை, வீட்டு மொட்டைமாடியிலோ முற்றத்திலோ நின்றபடி, கருவி எதுவுமின்றி, இரவு ஆகாயத்தில் நகர்ந்து செல்லும் ஒளிப்புள்ளியாக இனங்கண்டு பார்ப்பதாகும். இவ்வாறு பார்க்கப்படுவனவற்றுள் தலையாயது சர்வதேச விண்வெளி நிலையம். அது உச்சிக்கு அருகாகக் கடந்து செல்லும் நாளில், சந்திரனையும் வெள்ளியையும் ஒழித்தால், அதனினும் மிக்க பிரகாசமுடைய பொருள் இரவு வானில் பெரும்பாலும் இராது. இதனைக் காண்பதற்குக் கூரிய பார்வையோ விலையுயர்ந்த சாதனமோ வேண்டா. எந்த நேரத்தில் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்ற அறிவு ஒன்றே போதும். அந்த நேரத்தையும் திசையையும் நிர்ணயிப்பவை சூரியனின் நிலை, பூமியின் நிழல், நிலையத்தின் பாதை ஆகிய மூன்றுமே.

நிலையமும் அதன் பாதையும்

அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றின் கூட்டு முயற்சியான இந்நிலையத்தின் முதற்பகுதியாகிய ‘ஸார்யா’, 1998 நவம்பர் 20 அன்று கஜகஸ்தானிலுள்ள பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. இரண்டாவதான ‘யூனிட்டி’ அடுத்த மாதமே அமெரிக்க விண்ணோடத்தில் கொண்டுசெல்லப்பட்டு அதனோடு இணைக்கப்பட்டது. 2000 நவம்பர் 2 முதல் இந்நிலையம் ஒருநாளேனும் ஆளின்றி இருந்ததில்லை. அதன் நீளம் 109 மீட்டர். எடை ஏறத்தாழ 420 டன். தரையிலிருந்து சுமார் 400 முதல் 420 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அது, உத்தேசமாக 93 நிமிஷத்துக்கு ஒருமுறை பூமியை வலம்வந்து, ஒரு நாளில் பதினைந்து அல்லது பதினாறு சுற்றுகளை முடிக்கிறது.

நிலையத்தின் பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்தது. பைக்கனூர் வடக்கே 46 பாகை அட்சரேகையில் இருப்பதாலும், அங்கிருந்து நேர்கிழக்காக ஏவினால் ராக்கெட்டின் கழன்ற பகுதிகள் சீன நாட்டின்மீது விழக்கூடுமாதலாலும் இச்சாய்வு தேர்ந்துகொள்ளப்பட்டது. இதன் பயனாக, வடக்கிலும் தெற்கிலும் 51.6 பாகை அட்சரேகைகளுக்கு இடைப்பட்ட நிலப்பரப்பு முழுவதும், அதாவது உலக மக்களுள் மிகப் பெரும்பாலோர் வாழும் பிரதேசம் அனைத்தும், ஏதேனும் ஒரு சமயத்தில் நிலையத்தைத் தலைக்கு நேர்மேலே பெறுகிறது. எனினும் நிலையம் ஒருமுறை சுற்றிவருவதற்குள் பூமி தன் அச்சில் 23 பாகை சுழன்றுவிடுவதால், அடுத்த சுற்றில் அதன் பாதை அத்தனை பாகை மேற்கே விலகி விழுகிறது. ஓரூருக்கு மேலே இப்போது சென்ற நிலையம் அடுத்த முறை அதே வழியில் வாராமைக்குக் காரணம் இதுவே.

ஒளிரும் காரணம்

நிலையத்தினுள் எரியும் விளக்குகள் தரையிலுள்ளார் கண்ணுக்கு எட்டுவன அல்ல. அதன் நீண்ட மின்தகடுகளும் உலோகப் புறங்களும் சூரிய வெளிச்சத்தைப் பிரதிபலிப்பதனாலேயே அது நமக்குத் தெரிகிறது. ஆகவே பார்ப்பவர் இருளிலும், பார்க்கப்படும் நிலையம் வெயிலிலும் இருக்கும் வேளையே காணத் தக்க வேளையாகும். அந்திப்பொழுதில் தெருவை இருள் சூழ்ந்த பின்னும் கோபுரத்தின் கலசத்தில் வெயில் சற்று நேரம் எஞ்சி நிற்பது போன்றதே இது. உயரம் மிகுதியாதலால் நேரமும் மிகுகிறது.

இதனைக் கணிதத்தால் அளந்தும் காணலாம். தரையிலிருந்து 420 கிலோமீட்டர் உயரத்தில், நம் தலைக்கு நேர்மேலே உள்ள ஒரு பொருள், சூரியன் நமது தொடுவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 பாகை இறங்கும் வரை வெயிலில் இருக்கும். அதற்கு மேல் இறங்கினால் பூமியின் நிழல் அதனை மூடிக்கொள்ளும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சூரியன் தொடுவானத்துக்குப் பெரும்பாலும் செங்குத்தாகவே இறங்குவதால், அஸ்தமனத்திலிருந்து சுமார் ஒரு மணி இருபது நிமிஷத்துக்குள் அந்த 20 பாகை கழிந்துவிடுகிறது. எனவே இங்கே நிலையத்தை நன்கு பார்க்கத்தக்க காலம், அஸ்தமனத்துக்குப் பின் அரைமணி முதல் ஒன்றரை மணி வரையும், அவ்வாறே உதயத்துக்கு முன்னரும் ஆகும். நள்ளிரவில் நிலையம் நம் தலைக்கு மேலாகவே செல்லினும், அது நிழலில் மூழ்கியிருப்பதால் கண்ணுக்குப் புலப்படாது.

லண்டன் போன்ற இடங்களில் நிலைமை வேறு. ஜூன் மாதத்தில் அங்கே நள்ளிரவிலும் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 17 பாகைக்குமேல் இறங்குவதில்லை. 20 பாகை என்ற எல்லை எட்டப்படாமையால், தலைக்கு மேல் வரும் நிலையம் இரவு முழுவதும் வெயிலிலேயே திகழ்கிறது. ஆகவே அந்நகரத்தார் கோடையில் ஒரே இரவில் நான்கு, ஐந்து முறை கூட அதனைக் காண்பதுண்டு. பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ளோர்க்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. அன்றியும், நிலையத்தின் பாதைகள் 51.6 பாகையின் ஓரங்களில் நெருங்கியும் நடுவே அகன்றும் அமைவதால், தலைக்கு மேலாகக் கடக்கும் முறைகளும் இங்கே குறைவு.

காலச்சுழற்சி

சில நாட்கள் தொடர்ந்து மாலையில் தெரிந்துவந்த நிலையம் திடீரெனக் காணாமற்போய், பின்னர் ஒரு வாரம் அதிகாலையில் மட்டும் தெரிவதைக் கவனிப்போர் வியப்பதுண்டு. அதற்குக் காரணம் பாதைத்தளத்தின் திருப்பமே: பூமி முழு உருண்டையாயில்லாமல் நடுவே புடைத்திருப்பதால், நிலையத்தின் பாதைத்தளம் நாள்தோறும் ஏறக்குறைய 5 பாகை மேற்கே திரும்புகிறது. சூரியனும் நட்சத்திரங்களினிடையே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை கிழக்கே நகர்வதால், இவ்விரண்டும் சேர்ந்து, பாதைக்கும் சூரியனுக்கும் உள்ள உறவு சுமார் இரண்டு மாதத்துக்கொருமுறை பழைய நிலைக்குத் திரும்புகிறது. அச்சுழற்சிக்குள் மாலைத் தோற்றங்கள், காலைத் தோற்றங்கள், ஒன்றும் தெரியாத இடைவெளிகள் ஆகியவை மாறிமாறி வரும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் இவற்றுட் பலவற்றை மறைத்துவிடுவதால், தை முதல் பங்குனி வரையிலான தெளிந்த மாதங்களே சாதகமானவை.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

ஒவ்வோர் ஊருக்கும் உரிய தோற்ற நேரங்களை முன்கூட்டிக் கணித்து அறிவிக்கும் சேவை ஒன்றை, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 2012 நவம்பரில் தொடங்கி இலவசமாக நடத்திவருகிறது. கைப்பேசிச் செயலிகளும் பல உள. அவை தரும் வரியில் சாமானியமாக நேரம், காணும் கால அளவு, மிகையுயரம் (தொடுவானத்திலிருந்து நிலையம் எட்டும் உச்ச உயரம்), தோன்றும் இடம், மறையும் இடம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக, ‘இரவு 7.25, 5 நிமிஷம், மிகையுயரம் 70 பாகை, தோற்றம் தென்மேற்கில் 10 பாகை, மறைவு வடகிழக்கில் 25 பாகை’ என்று இருப்பின், 7.25க்குத் தென்மேற்கே தொடுவானத்துக்குச் சற்று மேலே நிலையம் தோன்றி, உச்சிக்கு அருகாக ஏறி, வடகிழக்கே இறங்கும் வழியில், தொடுவானத்தை எட்டுமுன்பே மறைந்துவிடும் என்பது பொருள்.

பாகையை அளக்கக் கையே போதும். கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கி ஒரு கண்ணால் பார்த்தால், முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகையைக் காட்டும். திசை தெரியாதவர்க்குத் துருவ நட்சத்திரம் வடக்கைக் காட்டும். சென்னையில் அது தொடுவானத்துக்கு மேல் 13 பாகை அளவில், அதாவது ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமான உயரத்தில் நிற்கும்.

மிகையுயரம் 30 பாகைக்குக் குறைந்த தோற்றங்கள் அத்துணைச் சிறப்புடையன அல்ல. உச்சியில் செல்லும்போது 420 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையம், 10 பாகை உயரத்தில் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். அவ்வளவில் அதன் ஒளி பத்தில் ஒரு பங்கினும் குறைவதோடு, அடிவானத்துப் புழுதியும் மரங்களும் கட்டடங்களும் இடையே தடையாகின்றன. முன்னறிவிப்பைச் சில நாட்களுக்கொருமுறை புதிதாகப் பார்த்துக்கொள்ளுதலும் அவசியம். அவ்வுயரத்திலும் எஞ்சியுள்ள மெல்லிய காற்றின் உராய்வால் நிலையம் சிறிது சிறிதாகக் கீழிறங்குவதும், எஞ்சின்களை இயக்கி அதனை மீண்டும் உயர்த்துவதும் வழக்கமாதலால், பல வாரங்களுக்கு முன் கணித்த நேரம் பிழைபடக்கூடும்.

தோற்றத்தின் இயல்பு

மாலையில் நிலையம் மேற்குப் பக்கத்திலிருந்து மெல்லென எழுகிறது. அடிவானத்தருகே மங்கலாகவும் மந்தமாகவும் தோன்றும் அவ்வொளி, மேலே ஏற ஏறப் பிரகாசமும் வேகமும் பெற்று, உச்சியை அணுகும்போது விநாடிக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் நட்சத்திரங்களைக் கடந்து விரைகிறது. சற்றே மஞ்சள் கலந்த வெண்மையுடையதாய், மின்னாமலும் ஓசையின்றியும் செல்கிறது. உச்சியைக் கடந்து கிழக்கே சாயும்போது, சூரியன் பார்ப்பவரின் முதுகுப்புறத்தே இருப்பதால், நிலையத்தின் வெயில்பட்ட பக்கம் முழுமையாகத் தெரிந்து அதன் ஒளி மிகுவதும் உண்டு. பின்னர், மேகம் ஒன்றும் மறைக்காதிருக்கவே, அது செம்மை படர்ந்து மங்கிச் சில விநாடிகளுள் அணைகிறது. பூமியின் நிழலுக்குள் அது புகுந்தது என்பதே இதன் பொருள். காலைத் தோற்றத்தில் இம்முறை தலைகீழாகும்: நிலையம் நடுவானத்தில் நிழலிலிருந்து திடீரென வெளிப்பட்டுக் கிழக்கே உதயத்தை நோக்கிச் செல்லும்.

நகரத்தின் விளக்கு வெளிச்சம் இதற்குப் பெருந்தடையன்று. எனினும் பிற ஒளிகளை நிலையமென மயங்கிவிடலாகாது. விமானம் சிவப்பும் பச்சையுமான விளக்குகளோடு கண்சிமிட்டிச் செல்லும். எரிநட்சத்திரம் ஓரிரு விநாடியில் முடிந்துவிடும். இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் துணைக்கோள்கள் ஏவப்பட்ட புதிதில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகச் செல்லும். தனித்து, சிமிட்டாது, ஐந்தாறு நிமிஷம் சீராகச் செல்லும் மிகப் பிரகாசமான ஒளி, முன்னறிவித்த நேரத்தோடும் திசையோடும் பொருந்துமாயின், அது நிலையமே என்று துணியலாம்.

கருவிகளும் படமெடுத்தலும்

உச்சியில் உள்ளபோதும் நிலையத்தின் தோற்ற அளவு பாகையின் அறுபதில் ஒரு பங்கை மீறாது. இது வியாழன் கிரகத்தின் தோற்றத்தைவிடச் சற்றே பெரிது. ஆதலின் வெறுங்கண்ணுக்கு அது புள்ளியாகவே தோன்றும். இருகண் நோக்கியில் நீண்ட வடிவம் சற்றே புலப்படலாம். தொலைநோக்கியைக் கையால் திருப்பிப் பின்தொடரும் பயிற்சியுடையார்க்கு மின்தகடுகளும் தெரியும். காமிராவை முக்காலியில் நிறுத்தி, மூடியைச் சில விநாடிகள் முதல் அரை நிமிஷம் வரை திறந்துவைத்தால், அதன் பாதை ஒளிக்கோடாகப் பதியும். நிலையம் சந்திரனையோ சூரியனையோ குறுக்கே கடப்பதைப் படமெடுப்பதில் பிரெஞ்சுக்காரரான தியெரி லெகோ புகழ்பெற்றவர். அக்கடப்பு ஏறத்தாழ அரை விநாடியே நிகழும். சூரியனை நோக்கும் முயற்சியில் அதற்குரிய வடிகட்டி கருவியின் முன்புறத்தில் இல்லையேல் கண்பார்வை நிரந்தரமாகக் கெடும்.

வரலாறு

செயற்கைக் கோள்களைக் கண்ணால் பார்க்கும் வழக்கம் 1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட முதற் செயற்கைக் கோளான ஸ்புட்னிக்கோடு பரவியது. 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள அக்கோளம் வெறுங்கண்ணுக்கு எட்டுவது அரிது; அன்று மக்கள் பார்த்தது பெரும்பாலும் அதனைச் சுமந்துசென்று கூடவே சுற்றிவந்த ராக்கெட்டையே. அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் வானியல் ஆய்வகத்தின் தலைவராயிருந்த பிரெட் விப்பிள், துணைக்கோள்களைக் கவனித்து நேரம் குறிக்கப் பொதுமக்களைத் திரட்டிய ‘மூன்வாட்ச்’ இயக்கத்தை 1956-லேயே தொடங்கியிருந்தார். அவ்வாய்வகத்தின் துணைக்கோள் காமிராக்களுள் ஒன்று இந்தியாவில் நைனித்தாலில் நிறுவப்பட்டது. 1960-ல் ஏவப்பட்ட ‘எக்கோ’ என்னும் 30 மீட்டர் விட்டமுள்ள பலூன் உலகெங்கும் கண்டு மகிழப்பட்டது.

முதல் விண்வெளி நிலையம் 1971 ஏப்ரலில் ஏவப்பட்ட சோவியத் நாட்டின் சல்யூட் 1. 1973-ல் ஏவப்பட்ட அமெரிக்காவின் ஸ்கைலாப் 1979 ஜூலை 11 அன்று இந்துமகாசமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி வீழ்ந்தது. 1984 ஏப்ரலில் இந்தியரான ராகேஷ் சர்மா தங்கியிருந்தது சல்யூட் 7 நிலையத்தில். 1986-ல் ஏவப்பட்ட மிர் நிலையம் 2001 மார்ச் 23 வரை வானில் தெரிந்துவந்தது. சர்வதேச நிலையத்துக்கு 2025 ஜூனில் மற்றோர் இந்தியரான சுபான்ஷு சுக்லா சென்றார்.

இப்போது இரண்டாவது நிலையமும் ஒன்று வானில் உண்டு. 2021 ஏப்ரலில் முதற்பகுதி ஏவப்பட்டு, 2022-ல் மூன்று பகுதிகளோடு நிறைவுற்ற சீனாவின் தியான்கொங், 41.5 பாகை சாய்வில் சுற்றிவருகிறது. உருவில் சிறியதாதலால் சர்வதேச நிலையத்தினும் மங்கலாயினும், அதுவும் வெறுங்கண்ணுக்கு நன்கு தெரியும். சர்வதேச நிலையத்தை 2030 வரை இயக்கி, அதன்பின் பசிபிக் மகாசமுத்திரத்தின் ஆளரவமற்ற பகுதியில் விழுமாறு கீழிறக்க நாசா திட்டமிட்டுள்ளது.