பட்டியலும் நீதியும்: சதுரங்கத் தரப்புள்ளியின் வரலாறு

கவியரங்கம் நடத்திப் பழகியவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். கவிதைகளைத் தேர்வதைவிடக் கடினமானது கவிஞர்களின் வரிசையை அமைப்பது. யார் முதலில் பாடுவது, யார் நிறைவாகப் பாடுவது, அழைப்பிதழில் யார் பெயருக்கு மேல் யார் பெயர் என்பனவற்றால் மனக்கசப்புற்ற மன்றங்கள் பல. உடைந்த மன்றங்களும் உண்டு. இதே சிக்கலைச் சந்தித்து, கணக்கின் வழியாக அதற்கு விடை தேடிய ஒரு துறை இருக்கிறது. அது சதுரங்கம். அத்துறையில் தரப்புள்ளிப் பட்டியல் தோன்றி வளர்ந்த கதையை இம்மலரில் எழுத நான் முன்வந்ததற்குக் காரணமும் இதுவே. ஆட்டம் அறியாத அன்பர்கள் அஞ்ச வேண்டா. இது காய்களைப் பற்றிய கட்டுரை அன்று. மனிதர்களை வரிசைப்படுத்துவது பற்றியது.

வாக்கும் நினைவும்

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பாகிய ஃபிடே 1924ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தோன்றியது. அதன் பின்னரும் நெடுங்காலம் ஓர் ஆட்டக்காரரின் தரத்தைச் சொல்லப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. பெரிய போட்டிகளுக்கு யாரை அழைப்பது என்பதை அமைப்பாளர்களே முடிவு செய்தனர். புகழ் உடையவர் அழைக்கப்பட்டார்; அழைக்கப்பட்டவர் மேலும் புகழ் பெற்றார். தொலைவில் இருந்தவரின் திறமை தொலைவிலேயே நின்றது.

1950இல் ஃபிடே முதன்முறையாகக் கிராண்ட்மாஸ்டர் என்னும் பட்டத்தை அதிகாரபூர்வமாக 27 பேருக்கு வழங்கியது. ஆட்டத்திலிருந்து விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்த போலந்து மேதை ரூபின்ஸ்டைன் போன்றோரும் பழைய சாதனைகளுக்காக அதில் இடம் பெற்றனர். உலகப் பட்டத்துக்காக அலெகைனை இருமுறை எதிர்த்து ஆடிய போகோல்யுபோவ் இடம் பெறவில்லை. மறு ஆண்டு, கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் எதிர்ப்புக்கிடையே வாக்கெடுப்பின் மூலமே அவருக்குப் பட்டம் கிட்டியது. ஓர் ஆட்டக்காரரின் திறமையைக் கைதூக்கி முடிவு செய்த காலம் அது.

அந்த 27 பேரில் இல்லாத இன்னொரு பெயர் நம் துணைக்கண்டத்துக்கு உரியது. மீர் சுல்தான் கான் பஞ்சாபிலிருந்து இங்கிலாந்து சென்றவர். 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரித்தானிய வாகையர் பட்டத்தை வென்றவர். உலக வாகையராக இருந்த கபபிளாங்காவையே தோற்கடித்தவர். 1933இல் ஊர் திரும்பியபின் உலகம் அவரை மறந்தது. 1950இல் அவர் உயிருடன் இருந்தும் பட்டம் வழங்கியோர் நினைவில் அவர் இல்லை. 1966இல் அவர் மறைந்தார். ஃபிடே அவருக்குக் கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024இல். நினைவை நம்பி எழுதப்படும் பட்டியல் யாரை விட்டுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எண் பிறந்த விதம்

இந்நிலையை மாற்ற எண்ணியவர்கள் பல நாடுகளில் தோன்றினர். 1948இல் ஜெர்மனியின் அன்டன் ஹோஸ்லிங்கர் ஒரு முறையை வகுத்தார். தம் ஊராகிய இங்கோல்ஸ்டாட்டின் பெயரால் அதற்கு ‘இங்கோ’ என்று பெயரிட்டார். அதில் எண் குறையக் குறையத் தரம் உயரும் என்பது ஒரு விந்தை. 1950இல் அமெரிக்கக் கூட்டமைப்பு, கென்னத் ஹார்க்னஸ் வகுத்த முறைப்படி தன் முதல் பட்டியலை வெளியிட்டது. ரூபன் ஃபைன் அதில் முதலிடத்திலும் ரெஷெவ்ஸ்கி அடுத்த இடத்திலும் இருந்தனர். ஹார்க்னஸின் முறை எளியது. எதிர்த்து ஆடியவர்களின் சராசரித் தரப்புள்ளியை எடுத்துக்கொண்டு, ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் பெற்ற ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 10 புள்ளி கூட்டுவது. குறைந்தால் அவ்வாறே கழிப்பது. எளிமையே அதன் குறையுமாயிற்று. சில வேளைகளில் பொருந்தாத விடைகளை அது தந்தது.

அக்குறையைக் களைந்தவர் அர்பாத் எலோ. 1903இல் ஹங்கேரியில் பிறந்து, சிறுவனாக இருந்தபோதே பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். மில்வாக்கி நகரின் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். தாமே வலிமையான ஆட்டக்காரர். விஸ்கான்சின் மாநில வாகையர் பட்டத்தைப் பலமுறை வென்றவர். அவர் புள்ளியியலைத் துணைக்கு அழைத்தார். ஒருவர் ஒரு நாளில் ஆடும் ஆட்டம் அவருடைய முழுத் திறமை அன்று. ஒருநாள் மேலேயும் ஒருநாள் கீழேயும் செல்லும். ஆயினும் பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு நடுநிலை தெரியும். இதுவே அவருடைய அடிப்படை.

அவர் முறையில் ஆட்டத்துக்கு முன்பே ஓர் எதிர்பார்ப்பு உண்டு. இருவருக்கும் இடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால், மேலே உள்ளவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளி பெறுவார் என்று கணக்கு சொல்லும். 400 புள்ளி வேறுபாடு என்றால் ஏறத்தாழ 91. எதிர்பார்த்ததற்கு மேல் பெற்றால் எண் உயரும், குறைந்தால் தாழும். எனவே வலியவர் மெலியவரை வென்றால் மிகச் சிறிதே பெறுகிறார். தோற்றால் பெரிதும் இழக்கிறார். மெலியவருக்கோ ஒரு வெற்றி பெருஞ்செல்வம். புகழுக்கு இதில் தனி மதிப்பு இல்லை. நேற்றைய வாகையர் இன்று தோற்றால் கணக்கு அவருக்காக இரங்குவதில்லை.

அமெரிக்கக் கூட்டமைப்பு 1960இல் எலோவின் முறையை ஏற்றது. 1970இல் ஃபிடேயும் ஏற்றது. 1971 சூலையில் முதல் அதிகாரபூர்வப் பட்டியல் வெளிவந்தது. அமெரிக்காவின் பாபி ஃபிஷர் 2760 புள்ளிகளுடன் முதலிடத்திலும், அன்றைய உலக வாகையரான சோவியத் நாட்டின் ஸ்பாஸ்கி 2690 புள்ளிகளுடன் அவருக்குப் பின்னும் நின்றனர். உலகப் பட்டம் ஒருவரிடமும் உயர்ந்த எண் மற்றொருவரிடமும் இருந்த அந்த ஏடு, மறு ஆண்டு ரெய்க்யவிக் நகரில் நடக்கவிருந்ததை முன்கூட்டியே கூறியது போலாயிற்று. அங்கே ஃபிஷர் வென்றார். 1972இல் அவர் எட்டிய 2785 என்னும் உயரத்தை 1990 சனவரியில் காஸ்பரோவ் 2800 பெற்றுத் தாண்டினார். 2014 மே மாதத்தில் நார்வேயின் கார்ல்சன் 2882 என்னும் உச்சத்தைத் தொட்டார்.

தொடக்கக் காலத்தில் பல ஆண்டுகள் எலோவே ஃபிடேயின் கணக்குகளைச் செய்து வந்தார். தம் அளவுகோலின் எல்லையை அவர் நன்கு உணர்ந்திருந்தார். நீரில் மேலும் கீழும் மிதக்கும் தக்கையை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய கோலால் அளப்பது போன்றது இவ்வேலை என்னும் பொருள்பட அவரே எழுதியதுண்டு. 1992இல் அவர் மறைந்தார்.

கணக்குக்கு வெளியே இருந்த கைகள்

இதுவரை கூறியது கணக்கின் பெருமை. இனிக் கூறவிருப்பது கணக்கைக் கையில் வைத்திருந்தவர்களைப் பற்றியது.

எலோவின் எண் ஒரு கூட்டத்துக்குள் ஒருவரோடு ஒருவரை ஒப்பிடும் எண். தனித்து நிற்கும் அளவு அன்று. இரு கூட்டங்கள் தமக்குள் மட்டும் ஆடிவந்தால் இரண்டின் எண்களையும் ஒப்பிட இயலாது. பெண்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே ஆடிவந்ததால் அவர்களின் எண்கள் உண்மையான வலிமையைவிடக் குறைந்திருப்பதாக ஒரு கருத்து எழுந்தது. 1986 இறுதியில் ஃபிடே ஒரு முடிவெடுத்தது: பெண்கள் அனைவருக்கும் 100 புள்ளி கூட்டுவது, ஒருவருக்கு மட்டும் இல்லை. அந்த ஒருவர் ஹங்கேரியின் சூசன் போல்கர். அவர் பெரும்பாலும் ஆண்களுடன் ஆடியவர், எனவே அவர் எண் சரியானதே என்பது வாதம். அதற்கு முன் பெண்களில் முதலிடத்தில் இருந்த அவர், 1987 சனவரிப் பட்டியலில் ஓர் ஆட்டமும் தோற்காமலே அவ்விடத்தை இழந்தார். மாயா சிபுர்தனிட்சே முதலிடம் பெற்றார்.

இம்முடிவுக்குக் கணக்கின் அடிப்படையே இல்லை என்று கூறிவிட முடியாது. ஆயினும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியை மட்டும் தனியே நிறுத்திய விதம் இன்றும் உறுத்துகிறது. இதற்கு மறுமொழி தந்தது எந்தக் குழுவும் அன்று. 1989 சனவரிப் பட்டியலில் அவருடைய தங்கை யூடித் 12 வயதில் பெண்களில் முதலிடம் பெற்றார். பின்னாளில் ஆண், பெண் இருபாலரும் சேர்ந்த உலகப் பட்டியலில் முதல் பத்துப் பேருள் ஒருவராகவும் உயர்ந்தார். அவருக்கு எவரும் எதையும் கூட்டித் தரவேண்டியிருக்கவில்லை.

அடுத்த நிகழ்ச்சி இன்னும் வெளிப்படையானது. 1993இல் காஸ்பரோவும் இங்கிலாந்தின் ஷார்ட்டும் ஃபிடேயை விட்டு விலகித் தனி அமைப்பின் கீழ் உலகப் பட்டப் போட்டியை இலண்டனில் ஆடினர். ஃபிடே இருவர் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கியது. 1994 சனவரிப் பட்டியலில் கார்ப்போவ் முதலிடத்தில் இருந்தார். காஸ்பரோவே முதல்வர் என்பதை உலகம் அறியும். ஏடு மட்டும் அறியாதது போல் இருந்தது. விலகியோரின் அமைப்பு, இரு தரப்பு ஆட்டக்காரரையும் சேர்த்துத் தன் பட்டியலை வெளியிட்டது. சூலைப் பட்டியலில் ஃபிடே இருவரையும் மீண்டும் சேர்த்துக்கொண்டது. ஆட்டக்காரரைத் தண்டிக்க முயன்ற பட்டியல் தன் நம்பகத்தையே தண்டித்துக்கொண்டது என்பதே அவ்வாறு மாதக் கதை.

மூடிய கூட்டம் கணக்கை எவ்வளவு திரிக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. வர்ஜீனியா மாநிலச் சிறையில் ஆயுள் கழித்த கிளாட் பிளட்குட், சக கைதிகளுடன் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, 1996இல் 2702 புள்ளி பெற்று அமெரிக்காவின் இரண்டாம் இடத்துக்கு உயர்ந்தார். வெளியுலகின் வலியவர் எவரும் அக்கூட்டத்துள் இல்லை. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை; சுவருக்குள் நடந்ததே பிழை.

சென்னையின் பெயர்கள்

பட்டியலின் நன்மையை மிகுதியும் பெற்ற ஊர்களுள் ஒன்று சென்னை. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் 1961இல் அப்பட்டம் பெற்றபோது உலகப் பட்டியல் இல்லை. அவர் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் ஆடிப் பழகிய விசுவநாதன் ஆனந்த், 1986 சூலையில் பிரவீண் திப்சேயைத் தாண்டி இந்தியாவின் முதலிடத்தைப் பெற்றார். சுல்தான் கானுக்குக் கிட்டாத ஒன்று அவருக்குக் கிட்டியது. எவர் நினைவையும் சாராமல், எந்த நாட்டு அமைப்பாளரும் ஏட்டைத் திறந்து பார்க்கத்தக்க ஓர் எண் அது. 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார்.

அவருக்கும் ஒரு சோதனை வந்தது. 2007 தொடக்கத்தில் மொரேலியா, லினாரஸ் நகரங்களில் நடந்த போட்டியை வென்று உலக முதலிடத்துக்கு உரியவரானார். ஆனால் ஏப்ரல் முதல் நாள் வெளியான பட்டியலில் அப்போட்டி சேர்க்கப்படவில்லை. பல்கேரியாவின் தொபலோவே முதலிடத்தில் இருந்தார். சதுரங்க உலகம் எதிர்ப்புத் தெரிவித்தது. உடனே பட்டியல் திருத்தப்பட்டு, ஆனந்த் 2786 புள்ளிகளுடன் முதலிடத்தில் வைக்கப்பட்டார். இங்கு நாம் கவனிக்க வேண்டியது, பிழை நேர்ந்ததை அன்று. அது பிழை என்று எவரும் காகிதமும் பென்சிலும் கொண்டு மெய்ப்பிக்க முடிந்ததை. 1950இல் விடுபட்டவருக்கு அவ்வழி இல்லை.

ஆனந்த் 37 ஆண்டுகள் காத்த இந்திய முதலிடத்தை 2023 செப்டம்பர்ப் பட்டியலில் சென்னையின் குகேஷ் பெற்றார். ஆனந்த் தம் கழகத்தில் வழிகாட்டி வளர்த்தவர்களுள் ஒருவர் அவர். வரிசை மாறியதில் வருத்தம் இல்லாமற் போவதும் உண்டு.

பட்டியலின் வாயிலும் இக்காலத்தில் மாறியது. முன்பு ஆண்களுக்கு 2200 புள்ளிக்குக் கீழே பட்டியலில் இடமே இல்லை. அவ்வெல்லை படிப்படியாகத் தாழ்ந்து 2012இல் 1000 ஆயிற்று. ஊர்ப் போட்டியில் ஆடும் பள்ளிச் சிறுவனும் உலக ஏட்டில் ஏறினான். கீழ்நிலை எண்கள் மெலிந்துபோனதால் 2024 மார்ச்சில் எல்லை 1400 ஆக உயர்த்தப்பட்டு, 2000க்குக் கீழ் இருந்தோருக்கு விதிப்படி புள்ளிகள் கூட்டப்பட்டன. 1986இல் போலத் தனியொருவர் விலக்கப்படவில்லை. ஆண்டுக்கொரு முறை வந்த பட்டியல் 2012 முதல் மாதந்தோறும் வருகிறது.

நமக்கு

கவிதைக்கு இத்தகைய எண் கிடையாது, வேண்டவும் வேண்டா. இரு கவிதைகள் எதிரெதிரே அமர்ந்து ஒன்று மற்றொன்றை வெல்வதில்லை. ஆனால் பட்டியல் நம்மிடமும் உண்டு. தொகுப்பு நூல், பரிசுக்குழு, அழைப்பிதழ் என அதற்குப் பல பெயர்கள். நம் பட்டியல்கள் இன்னும் 1950இன் நிலையிலேயே இருக்கின்றன; நினைவாலும் வாக்காலும் எழுதப்படுகின்றன. சுல்தான் கான்கள் நம்மிடையேயும் இருக்கக்கூடும்.

சதுரங்கத்திலிருந்து நாம் கற்கக்கூடியது கணக்கை அன்று, மூன்று ஒழுக்கங்களை. பட்டியலைத் தண்டனைக் கருவியாக்காதிருத்தல். தமக்குள் மட்டுமே ஆடும் கூட்டமாகச் சுருங்காதிருத்தல். விடுபட்டவர் வந்து கேட்டால் ஏட்டைத் திருத்துதல். பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் கவிதை படித்தோர் பெயர்களை எங்கேனும் தொகுப்போமாயின், அப்பட்டியலின் கீழ் ஓரிரு வரி இடம் வெறுமையாக விட்டுவைப்போம். நாம் மறந்த ஒருவர் தம் பெயரை அங்கே எழுதிக்கொள்ளட்டும்.