பீப்பாய்த் தபால்

தென்னமெரிக்காவின் மேற்குக் கரைக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் அப்பால், பூமத்திய ரேகையை ஒட்டிக் கிடக்கும் காலாப்பகோஸ் தீவுக் கூட்டத்தில், ஃபுளோரியானா என்னும் சிறு தீவின் வடகரையில், எந்த சர்க்காரும் ஏற்படுத்தாத தபால் நிலையம் ஒன்று உண்டு. தபால்தலையும் சம்பளம் பெறும் சேவகரும் அறியாத அந்த ஸ்தாபனம், கம்பத்தில் பொருத்திய ஒரு பீப்பாய்தான். திமிங்கில வேட்டைக்கு ஏற்ற நீர்ப்பரப்புகளை ஆராய 1793-ஆம் ஆண்டு இப்பக்கம் வந்த ஜேம்ஸ் கோல்நெட் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவரே அதை நாட்டியவர் என்பது மாலுமிகளிடையே வழங்கும் செய்தி.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விளக்கெரியத் திமிங்கில எண்ணெய் வேண்டியிருந்த காலம் அது. லண்டனிலிருந்தும் நான்டக்கெட்டிலிருந்தும் கொம்பு முனையைச் சுற்றிப் பசிபிக்கிற்குள் புகுந்த பாய்மரக் கப்பல்கள், எண்ணெய்ப் பீப்பாய்கள் நிறையும் வரை, இரண்டு மூன்று வருஷங்களேனும், வீடு திரும்ப மாட்டா. உணவும் நீருமின்றிப் பல மாதங்கள் கப்பலின் அடித்தட்டில் உயிரோடிருக்கும் பேராமைகளைப் பிடிக்கவும் விறகு வெட்டவும் அவை இத்தீவுகளை நாடின. புதிதாக வந்த கப்பலின் மாலுமிகள் தம் கடிதங்களைப் பீப்பாயில் இட்டுச் செல்ல, சரக்கு நிறைந்து ஊருக்குத் திரும்பும் கப்பலைச் சேர்ந்தவர்கள், முன்பின் அறியாதோர் எழுதியவையாயினும், அவற்றை எடுத்துச்சென்று உரியவர்களிடம் சேர்ப்பித்தார்கள். கூலி கிடையாது, இன்று ஒருவன் செய்வதை நாளை தனக்காக வேறொருவன் செய்வான் என்ற விசுவாசமே அதன் மூலதனம்.

அங்கு இடப்பெற்ற ஒரு கடிதத்தின் சாரம் நமக்குக் கிடைத்திருக்கிறது. ‘சூக்கி’ என்னும் கப்பலின் தலைவர் ஜான் மேசி எழுதியது அது. புறப்பட்டு ஏழரை மாதம் ஆயிற்று, 150 பீப்பாய் எண்ணெய் சேர்ந்திருக்கிறது, பிரேசில் கடலில் புயல் வீசியபோது முன்பாய்மரத்துப் பருமலிலிருந்து விழுந்து தொழில் பயிலும் இளைஞன் ஒருவன் இறந்தான், 250 ஆமைகளோடும் எட்டுப் படகு விறகோடும் இன்று புறப்படுகிறோம் என்பவை அதிலுள்ள விஷயங்களில் சில. அன்பு மொழி அதில் அரிது. எனினும், அரை மாதத்தையும் விடாமல் கணக்கிட்டு எழுதிய அந்த மனிதரின் நெஞ்சம் எத்திசை நோக்கி இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. தன் மகன் எங்கே இருக்கிறான் என்று அறியாத ஒரு தாய்க்கு அந்த மரணச் செய்தி போய்ச் சேர வேண்டுமானால், அதற்கும் அப்பீப்பாய் ஒரு வழி.

இத்தகைய கடிதங்களை யுத்தமும் விட்டுவைக்கவில்லை. பிரிட்டனோடு அமெரிக்கா பொருதிய காலத்தில், 1813 ஏப்ரலில், ‘எஸ்ஸெக்ஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் இத்தீவுக்கு வந்த டேவிட் போர்ட்டர், தம் துணைத்தலைவர் டௌன்ஸைக் கரைக்கனுப்பி, ‘ஹாத்தவேயின் தபாலாபீஸ்’ என்ற பலகை தாங்கிய கம்பத்தில் அப்போது இருந்த பெட்டியின் காகிதங்களை எடுத்துவரச் செய்தார். ஆங்கிலத் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் போக்குவரவு பற்றிய குறிப்புகள் அவற்றிலிருந்து கிடைத்தன. அம்மாதம் 29-ஆம் தேதி மூன்று கப்பல்கள் அவர் கையில் சிக்கின. மேசியின் கடிதத்தை 1815-இல் வெளியான தம் நூலில் அச்சிட்டு நமக்குத் தந்தவரும் அவரே. யுத்த தர்மம் இதை அனுமதிக்கலாம். ஆயினும், மனைவியும் தாயும் படிப்பதற்காக எழுதிய எழுத்தைப் பகைவன் வேவுக்குப் பயன்படுத்தியதை என்னால் வருத்தமின்றி நினைக்க இயலவில்லை. இத்தனைக்கும் பிறகு கடிதம் இடும் வழக்கம் நிற்கவில்லை என்பது அம்மனிதர்களின் ஏக்கத்தை அளந்து காட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஃபுளோரியானாவின் ஆமையினம் அற்றுப்போயிற்று; மண்ணெண்ணெய் வந்ததும் திமிங்கில வேட்டையும் தேய்ந்தது. 1914-இல் பனாமாக் கால்வாய் திறந்த பின்னர் வேறொரு வகையினர் வந்தார்கள்: வாணிபமின்றி, தீவுகளைக் காணும் வேட்கையினாலேயே சிறு பாய்ப்படகுகளில் உலகைச் சுற்றுகிறவர்கள். தென்கிழக்கு வியாபாரக் காற்றின் துணையால் மார்க்கெஸாஸ் தீவுகளை எட்ட அவர்கள் சுமார் 3,000 கடல் மைல் வெறுங்கடலைக் கடக்க வேண்டும். வாரக்கணக்கில் கரை தென்படாது. விரும்பி மேற்கொண்ட யாத்திரையே ஆயினும், பேரக்குழந்தையின் முகமும் முதிய பெற்றோரின் க்ஷேமமும் நினைவிலெழுவதை அழகிய கடல் எதுவும் தடுப்பதில்லை. அவர்கள் தம் படகின் பெயர் செதுக்கிய பலகையைப் பீப்பாயருகே அறைந்து, தபால்தலையில்லாத அட்டைகளை உள்ளே இட்டார்கள். பிறர் இட்டவற்றைப் புரட்டி, தம் ஊருக்கு அருகிலுள்ள முகவரியைக் கண்டால் எடுத்துச்சென்று நேரில் கொடுக்க வேண்டும் என்பதே இன்றும் விதி. அப்படி ஒன்றும் அகப்படாதவர்கள் அவற்றை மீண்டும் பீப்பாயிலேயே வைத்து, தாம் எழுதியதையும் சேர்த்துவிட்டுப் புறப்படுகிறார்கள்.