பழைய காரில் ரிவர்ஸ் லைட் எரியவில்லையா? ஒர்க்‌ஷாப் போகும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

ரிவர்ஸ் கியர் போட்டதும் காரின் பின்னால் எரிய வேண்டிய வெள்ளை விளக்கு எரியவில்லை. பகலில் இதை யாரும் கவனிப்பதில்லை. இரவில், மழையில், குறுகலான பாதையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

கேரளாவின் நெய்யாற்றின்கரை தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே உள்ளது பெருங்கடவிளை. இந்தப் பக்கத்து ஊர்களில் இருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனவர்களின் வீட்டு முற்றத்தில், அப்பா வாங்கிய மாருதி 800-ஓ ஆம்னியோ இன்னும் நிற்கலாம். வார இறுதியில் ஊருக்கு வந்தால் ஓட்டுவதற்கு அதுதான் வண்டி.

அந்த வண்டியில் ரிவர்ஸ் லைட் எரியவில்லை என்றால் என்ன செய்வது? பெரும்பாலும் இது சிறிய கோளாறுதான். எங்கே தேடுவது என்று தெரிந்தால் அரை மணி நேரத்தில் பாதிப் பிரச்னையைக் கண்டுபிடித்துவிடலாம்.

ரிவர்ஸ் லைட் ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்த விளக்குக்கு இரண்டு வேலைகள். ஓட்டுநருக்குப் பின்பக்கம் வெளிச்சம் காட்டுவது ஒன்று. பின்னால் நிற்பவருக்கு, 'இந்த வண்டி உங்களை நோக்கி வருகிறது' என்று சொல்வது இன்னொன்று.

இரண்டாவதுதான் பெரியது. காரின் பின்பக்கம் எரியும் டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் சிவப்பு. நம்பர் பிளேட் மீது விழும் சிறு வெளிச்சத்தை விட்டால், பின்னால் வெள்ளையாக எரிவது ரிவர்ஸ் லைட் மட்டும்தான்.

முற்றத்தில் விளையாடும் மூன்று வயதுக் குழந்தையின் தலை, காரின் பின்கண்ணாடிக்குக் கீழேதான் இருக்கும். உட்புறக் கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. புதிய கார்களில் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம். அதற்கு முந்தைய பல வண்டிகளில் அது இல்லை. அங்கே எச்சரிக்கை என்று இருப்பது அந்த விளக்கு ஒன்றுதான்.

மின்சாரம் எந்த வழியாகப் போகிறது?

பேட்டரியில் இருந்து இக்னிஷன் சாவி, அங்கிருந்து பியூஸ், பிறகு கியர் பாக்ஸில் உள்ள ரிவர்ஸ் சுவிட்ச், அதன் பின் டிக்கி வரை ஒயர், கடைசியில் பல்ப். பல்பில் இருந்து மின்சாரம் காரின் இரும்பு உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. இதைத்தான் 'எர்த்' என்கிறோம்.

இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் விளக்கு எரியாது. அறிகுறியை வைத்தே இடத்தை ஓரளவு ஊகிக்கலாம்:

* ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை: பியூஸும் சுவிட்சும் நன்றாக உள்ளன. அந்தப் பக்கத்து பல்ப், ஹோல்டர், எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். (சில மாடல்களில் ரிவர்ஸ் லைட்டே ஒன்றுதான் இருக்கும்.)
* இரண்டும் எரியவில்லை: பியூஸ், சுவிட்ச், அல்லது டிக்கிக்குப் போகும் ஒயர்.
* மங்கலாக எரிகிறது: ஹோல்டரில் துரு அல்லது எர்த் சரியில்லை.
* பிரேக் மிதித்தால் ரிவர்ஸ் லைட் லேசாக எரிகிறது: எர்த் கோளாறு. திரும்பிப் போக வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து பல்ப் வழியாகப் போகிறது.
* கியர் லீவரை அழுத்திப் பிடித்தால் மட்டும் எரிகிறது: ரிவர்ஸ் சுவிட்ச் தேய்ந்திருக்கலாம், அல்லது கியர் லீவர் இணைப்பு தளர்ந்திருக்கலாம்.
* எந்த கியரிலும் அணைவதே இல்லை: சுவிட்ச் உள்ளே சிக்கிக்கொண்டது, அல்லது ஒயர்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன.

எந்த வரிசையில் சோதிப்பது?

முதலில் பாதுகாப்பு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். சோதனைக்கு இது போதும்.

1. பல்ப்: கழற்றி உள்ளே உள்ள இழையைப் பாருங்கள். அறுந்திருந்தாலோ கண்ணாடி கருத்திருந்தாலோ மாற்றுங்கள். பழைய கார்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 21 வாட் பல்ப்தான். உதிரிபாகக் கடைக்குப் பழைய பல்பைக் கையில் எடுத்துச் செல்வது நல்லது.

2. ஹோல்டர்: பல்ப் நன்றாக இருந்தால், ஹோல்டருக்குள் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சாவியை ஆஃப் செய்துவிட்டு உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தால் போதும்.

3. எர்த்: டிக்கிக்குள் டெயில் லைட் அருகே, பல வண்டிகளில் கறுப்பு ஒயர் ஒன்று பாடியோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து மீண்டும் இறுக்குங்கள். சந்தேகம் இருந்தால், ஹோல்டரின் எர்த் முனையில் இருந்து பெயின்ட் இல்லாத இரும்புக்குத் தனி ஒயர் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். விளக்கு உடனே பிரகாசமானால் குற்றவாளி எர்த்தான்.

4. பியூஸ்: பல கார்களில் ரிவர்ஸ் லைட்டும் இண்டிகேட்டர் அல்லது மீட்டர் போர்டும் ஒரே பியூஸில் இருக்கும். அவையும் வேலை செய்யவில்லை என்றால் பியூஸ்தான் முதல் சந்தேகம். அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸையே போடுங்கள். சிகரெட் பெட்டித் தாளையோ ஒயர் துண்டையோ சுற்றி வைப்பது, வண்டிக்குத் தீ வைக்க வழி செய்வது போல.

5. ரிவர்ஸ் சுவிட்ச்: இது கியர் பாக்ஸின் மேல் திருகப்பட்ட சிறு பொருள். ரிவர்ஸ் கியர் விழும்போது உள்ளே உள்ள கம்பி இதன் நுனியை அழுத்தும். சுவிட்சுக்கு வரும் இரண்டு ஒயர்களையும் பிடுங்கி, ஒரு ஒயர் துண்டால் அவற்றை இணையுங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்ச் மாற்ற வேண்டும், அல்லது கியர் இணைப்பு அதை அழுத்தவில்லை. எரியாவிட்டால் கோளாறு ஒயரில். சுவிட்சைக் கழற்றினால் கியர் ஆயில் ஒழுகலாம். புதிய சுவிட்சுக்குப் பழைய அளவு வாஷரே போட வேண்டும். தடிமனான வாஷர் போட்டால் சுவிட்ச் நுனி எட்டாமல் போய்விடும்.

மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறதே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டர் மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுக்கும். துருப்பிடித்து ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரில்கூட அது 12 வோல்ட் காட்டிவிடும். பல்ப் போட்டு 1.75 ஆம்பியர் இழுக்கும்போதுதான் வோல்டேஜ் சரியும். எனவே பல்ப் எரியும் நிலையில் அளவெடுங்கள், அல்லது பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லேம்ப் பயன்படுத்துங்கள்.

சிறு வோல்டேஜ் இழப்பும் பெரிய விஷயம்தான். 12 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 10 வோல்ட் கிடைத்தால், இழை பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மழை ஊர்களில் ஏன் இந்தத் தொல்லை அதிகம்?

தென்கேரளாவுக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. டெயில் லைட் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் உள்ளே ஈரம் புகும். வாரம் முழுக்க முற்றத்தில் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் காயாது. ஹோல்டரும் எர்த் போல்ட்டும் துருப்பிடிக்க வேறு காரணம் தேவையில்லை. போதாக்குறைக்கு, ஓடாமல் நிற்கும் வண்டியின் ஒயரை எலியும் கடிக்கும்.

இன்னொரு காரணம் நாமே செய்வது. ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் பாடும் ஹார்ன், பின்பக்கக் கேமரா, சென்சார் எல்லாவற்றுக்கும் கரண்ட் பெரும்பாலும் ரிவர்ஸ் லைட் ஒயரில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. ஒயரைச் சீவி, முறுக்கி, மேலே டேப் சுற்றிய இணைப்பு இரண்டு மழைக்காலம் தாங்குவதே அதிகம். பியூஸ் அடிக்கடி போனால் முதலில் இவற்றைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. 2010-ல் பதிவான வண்டிக்கே 2025-ல் 15 ஆண்டு முடிந்துவிட்டது.

புதுப்பிக்கும்போது வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். விளக்குகள் எரிகிறதா என்பதும் அதில் அடங்கும். இது மத்தியச் சட்டம். ஆகவே கே.எல். 20 நெய்யாற்றின்கரை, கே.எல். 19 பாறசாலை வண்டிகளுக்கும், எல்லைக்கு இந்தப் பக்கம் டி.என். 75 மார்த்தாண்டம் வண்டிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

நம் பேச்சில் பல்ப் போனாலும் 'பியூஸ் போச்சு', பியூஸ் போனாலும் 'பியூஸ் போச்சு'. எனவே எது போனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'லைட் எரியல' என்று மட்டும் சொல்லாமல், 'ரெண்டும் எரியல, பல்ப் நல்லா இருக்கு, பியூஸ் பார்த்தாச்சு, சுவிட்ச் ஒயரை ஷார்ட் பண்ணினா எரியுது' என்று சொல்லுங்கள். தேவையில்லாமல் ஒயரிங் முழுவதையும் மாற்றும் செலவு மிச்சமாகும்.

ஒயர் நடுவில் அறுந்திருந்தாலோ, பியூஸ் போட்டதும் மீண்டும் மீண்டும் போனாலோ, சுவிட்ச் இருக்கும் இடம் கைக்கு எட்டாமல் வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தாலோ நீங்களே முயல வேண்டாம். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் நுழையக் கூடாது.

சரி செய்யும்வரை? இரவில் ரிவர்ஸ் எடுப்பதைத் தவிருங்கள். வீட்டுக்குள் வரும்போதே, வெளிச்சம் இருக்கையில் வண்டியைத் திருப்பி வாசலைப் பார்த்து நிறுத்திவிடுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒருவரைப் பக்கவாட்டில், உங்கள் கண்ணில் படும்படி டார்ச்சோடு நிற்கச் சொல்லுங்கள். குழந்தைகள் எல்லோரும் எங்கே என்று எண்ணிப் பார்த்த பிறகு கியர் போடுங்கள்.