மாதவலியும் யோக வைத்தியமும்



மாத்தளை நகருக்கு வடக்கே, ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், பெரும் பாறைகளின் நடுவே அளுவிகாரை அமைந்துள்ளது. கி. மு. முதலாம் நூற்றாண்டிலே, வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் நாட்டை வாட்டின. அதுகாறும் வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம், இவ்விடத்திலேதான் ஓலையில் எழுதப்பெற்றது என்பது மரபு. நெஞ்சில் மட்டும் காக்கப்படும் அறிவு, காப்பவர் மடிந்தால் தானும் மடியும் என்பதை அக்காலப் பெரியோர் உணர்ந்திருந்தனர்.

அதே மாத்தளை மாவட்டத்தில், எழுத்தில் ஏறாத துன்பம் ஒன்றும் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றது. மாதவிலக்கின்போது பெண்களுக்கு உண்டாகும் வலியே அது. அதைத் தணிக்க ஓமம், பெருங்காயம், வெந்தயம் முதலியவற்றைக் கொண்டு பாட்டிமார் செய்த கைமருந்துகள் வாய்மொழியாகவே வந்தன. அந்த வலிக்கு யோகம் துணையாக வந்த வரலாறோ மிக அண்மைக் காலத்தது. அதனையே இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் நம் மலைநாட்டுப் பெண்களின் நிலையை நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தபோது, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் கால்நடையாகவே மாத்தளையை வந்தடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைப் பலிகொண்டன. கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து திரும்பும் ஆண்களே பெரும்பான்மையினர். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலையாகக் குடியேறின. பெண்ணின் கையே தோட்டத்தின் மூலதனம் ஆயிற்று.

இரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் மலைச்சரிவிலே கூடையைச் சுமந்து நாள் முழுவதும் நிற்பவள் அப்பெண். குறித்த நிறைக்குக் குறைவாகப் பறித்தால் அவளுக்கு விழுவது அரைப்பேர். இடுப்பு நோகிறது, அடிவயிறு பிசைகிறது என்று கங்காணியிடம் அவள் எவ்வாறு உரைப்பாள்? 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிள்ளைப்பேற்றைக் கருத்திற் கொண்டது. திங்கள்தோறும் வரும் வலியோ எந்தப் பேரேட்டிலும் பதியப்படவில்லை; அரைப்பேராக மட்டுமே அது கணக்கில் ஏறியது.

பழைய நூல்கள் இதனை அறியாதவை அல்ல. சரக சங்கிதை பெண்களுக்குரிய 20 நோய்களை வகுக்கின்றது. அவற்றுள் ஒன்றாகிய உதாவர்த்தினியில், கடும் வலி தோன்றி, உதிரம் வெளிப்பட்டதும் தணியும் என்று அது கூறுகின்றது. நம் சித்த வைத்தியமோ இதைச் சூதக வலி என வழங்குகின்றது. வைத்திய நூலார் கண்ட இந்நோய்க்கு யோக நூலார் வழி கூறினரா?

திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைத்தார். ஔவையார் பெயரால் வழங்கும் விநாயகர் அகவலிலும் குண்டலினி யோகம் பேசப்படுகின்றது. எனவே, தமிழ் மரபில் பெண்ணின் வாக்கிலும் யோகம் இடம்பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே கருதப்பட்ட பயன் வீடுபேறு. வயிற்று வலி அன்று. 15ஆம் நூற்றாண்டினதாகிய அடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கின்றது. அவற்றுட் சில வயிற்று நோய்களை நீக்கும் என்றும் உரைக்கின்றது. எனினும் மாதவலிக்கென்று தனியே ஓர் ஆசனத்தை அது வகுக்கவில்லை. பெண்களின் மாதவலிக்கு யோகம் தொன்றுதொட்டு மருந்தாக விளங்கியது என்று இன்று சிலர் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

மாற்றம் 20ஆம் நூற்றாண்டிலே நிகழ்ந்தது. 1918ஆம் ஆண்டில் யோகேந்திரர் பம்பாயை அடுத்த வெர்சோவாவில் யோக நிலையம் ஒன்றை நிறுவினார். 1924ஆம் ஆண்டில் சுவாமி குவலயானந்தர் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை ஏற்படுத்தி, ஆசனங்களின் விளைவுகளை எக்ஸ் கதிர் முதலிய கருவிகளால் ஆராயத் தொடங்கினார். குகையில் இருந்த கலை ஆய்வுகூடத்துக்கு வந்தது. ஆனால் பெண்ணுக்காகப் பெண்ணே எழுதும் காலம் பின்னரே வந்தது. யோகேந்திரரின் துணைவியார் சீதாதேவி, பெண்களுக்கான யோக உடற்பயிற்சி நூலை 1934ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிற்காலத்தில், பி. கே. எஸ். ஐயங்காரின் மகள் கீதா ஐயங்கார், 1983ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலில் பூப்பு, மாதவிலக்கு, கருப்பம், மாதவிலக்கு நிற்கும் பருவம் என ஒவ்வொரு நிலைக்கும் ஏற்ற பயிற்சிகளைப் பகுத்துக் காட்டினார். விலக்கு நாள்களில் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்த்து, உடலுக்கு ஓய்வு தரும் ஆசனங்களையே கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை.

இக்கலை நம் நாட்டு மலைப்பகுதிக்கு வந்த வழியும் அறியத்தக்கது. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887ஆம் ஆண்டில் பிறந்த குப்புசுவாமி என்னும் மருத்துவர், 1913ஆம் ஆண்டில் மலாயா சென்று, இரப்பர்த் தோட்ட வைத்தியசாலையிலே பணிபுரிந்தார். தோட்டத் தொழிலாளரின் உடல்நோவை நேரிற் கண்ட அவரே, பின்னர் இருடிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனார். 1936ஆம் ஆண்டில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். 1950ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வருகை தந்தார். அவருடைய சீடர், கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தைச் சேர்ந்த சுவாமி சச்சிதானந்தர், 1953ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் தங்கி, 1966ஆம் ஆண்டு வரை யோகம் கற்பித்தார். கண்டியிலிருந்து மாத்தளை ஏறத்தாழ 25 கிலோமீற்றர்தான். ஆயினும் நகரத்துக் கற்றோர் பயின்ற கலை லயத்து வாசலுக்குச் செல்வது எளிதாயிருக்கவில்லை. பொழுது புலருமுன் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவளுக்கு, ஆசனம் செய்ய நேரமும் இல்லை. ஒற்றை அறையில் இடமும் இல்லை.

இனி, யோகம் மெய்யாகவே பயன் தருமா என்ற வினாவுக்கு வருவோம். 1957ஆம் ஆண்டில் பிக்கிள்ஸ் என்னும் ஆங்கில ஆய்வாளர், விலக்குக் கால உதிரத்தில் தசைகளைச் சுருங்கச் செய்யும் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டார். புரோஸ்டாகிளாண்டின் எனப்படும் இவ்வகைப் பொருள்கள் மிகும்போது கருப்பை இறுகச் சுருங்குகின்றது, இரத்தக் குழாய்கள் ஒடுங்குகின்றன, வலி எழுகின்றது. ஆகவே இது மனப்பிரமையும் அன்று, சோம்பலும் அன்று; உடலில் நிகழும் மெய்யான நிகழ்ச்சி.

2011ஆம் ஆண்டில் வெளியான ஈரானிய ஆய்வு ஒன்றிலே, 18 முதல் 22 வயதுக்குட்பட்ட 92 மாணவியர் பங்குபற்றினர். அவர்களுள் ஒரு பிரிவினர் புசங்காசனம், பூனை ஆசனம், மச்சாசனம் ஆகிய மூன்றையும் விலக்குக்கு முந்திய நாள்களில் பயின்றனர். பயிலாதோரைவிட அவர்களுக்கு வலியின் கடுமையும் நேரமும் குறைந்தன. 2019ஆம் ஆண்டில், யோகம் உள்ளிட்ட உடற்பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைக் கொக்ரேன் அமைப்பினர் தொகுத்து நோக்கினர். வாரத்துக்கு மூன்று முறையேனும், 45 முதல் 60 நிமிடம் வரை பயில்வது வலியைக் குறிப்பிடத்தக்க அளவு தணிக்கக்கூடும் என்பது அவர்கள் முடிவு. சான்றுகள் இன்னும் உறுதிபெற வேண்டும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

ஆதலின் இரண்டு எல்லைகளை நாம் மறத்தலாகாது. முதலாவது, எல்லா வலியும் ஒன்றன்று. ஆண்டுக்கு ஆண்டு வலி மிகுதல், உதிரம் அளவு கடந்து போதல், விலக்கில்லாத நாள்களிலும் நோதல் ஆகியவை கருப்பைக் கட்டி முதலிய நோய்களின் அறிகுறியாக இருக்கலாம். அத்தகையோர் வைத்தியரை நாடுவதே முறை. யோகம் அதற்கு ஈடாகாது. இரண்டாவது, உணவும் ஓய்வும் இன்றி உதிரம் குன்றிய உடலுக்கு ஆசனம் மட்டும் வலிமை தந்துவிடாது.

அளுவிகாரையில் ஓலை எழுதியோர், அறிவை அழியாமற் காத்தனர். சீதாதேவியும் கீதா ஐயங்காரும் செய்ததும் அவ்வகைத் தொண்டே. பெண்ணின் நோவை வெட்கத்துக்குரிய மறைபொருளாகக் கருதாமல், எழுதத் தக்கதாகவும் ஆராயத் தக்கதாகவும் ஆக்கினர். அந்த அறிவு மாத்தளை மலைச்சரிவிலே கொழுந்து பறிப்பவளுக்கும் பயன்பட வேண்டுமாயின், ஒரு பாயும், ஒரு மணி நேர ஓய்வும், ‘எனக்கு நோகிறது’ என்று நாணமின்றிச் சொல்லும் உரிமையும் அவளுக்கு வேண்டும். ஆசனங்களைக் கற்பிப்பது ஆசிரியர் கடன். இம்மூன்றையும் அளிப்பது குடும்பத்தின் கடன், தோட்டத்தின் கடன், நம் அனைவரின் கடன்.