வட்ஸ்அப் குழுவில் இல்லாத பிள்ளை: வீட்டிலிருந்து கற்கும் ஆரம்பப் பிரிவு மாணவர்களுக்குப் பாடசாலை என்ன செய்யலாம்?

2020 மார்ச் 13ஆம் திகதி கொவிட்-19 தொற்றுக் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு தரம் 1இல் சேர்ந்த பிள்ளைகள் பாடசாலைக்கு வரத் தொடங்கி இரண்டு மாதங்கள்கூட முழுமையாக ஆகியிருக்கவில்லை. பென்சிலைச் சரியாகப் பிடிக்கப் பழகும் முன்னரே அவர்கள் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. ஜூலையில் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்ட பாடசாலைகள், ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணியுடன் மறுபடியும் மூடப்பட்டன. 2021 ஏப்ரல் இறுதியில் மூன்றாவது தடவையாக மூடப்பட்டபோது, ஆரம்பப் பிரிவுகள் திறக்க ஒக்டோபர் மாதம் வரை காத்திருக்க நேர்ந்தது. 2022 ஜூனில் எரிபொருள் நெருக்கடியால் மறுபடியும் இணையவழி வகுப்புகள் வந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோதும் பாடசாலைகள் மூடப்பட்டன. சில பாடசாலைகள் இடம்பெயர்ந்தோர் தங்கும் இடங்களாக மாறின.

ஆகவே, பாடசாலை மூடப்படுவதை எப்போதோ ஒருமுறை நடக்கும் விடயமாக இனிக் கருத முடியாது. அவ்வாறு மூடப்படும்போது தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளின் கற்றலைத் தாங்குவதற்கு ஒவ்வொரு பாடசாலையிடமும் ஒரு திட்டம் இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது. திட்டத்தை எடைபோட ஒரு கேள்வி போதும்: இந்த வாரம் பாடசாலையால் எட்ட முடியாமற்போன பிள்ளைகள் எத்தனை பேர்?

இணைய வகுப்பு எத்தனை பேருக்கு?

2021இல் நாட்டின் சுமார் 43 இலட்சம் மாணவர்களில் 40 சதவீதமானோரே இணையவழி வகுப்புகளில் பங்குபற்றக்கூடியவர்கள் என இலங்கை ஆசிரியர் சங்கம் மதிப்பிட்டிருந்தது. ஊவாவின் போஹிடியாவ கிராமத்தில் சமிக்ஞை கிடைப்பதற்காக ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறியது அப்போது உலகச் செய்தியானது. மலையகத் தோட்டங்களிலும் வன்னியின் உட்கிராமங்களிலும் இதே சிரமம் இருந்தது.

சமிக்ஞை கிடைக்கும் ஊரிலும் சிக்கல் தீர்ந்துவிடாது. பல வீடுகளில் ஸ்மார்ட் தொலைபேசி ஒன்றுதான் இருக்கும். அதைத் தகப்பன் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். மாலையில் வீடு வந்தால், சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் அண்ணனுக்கோ அக்காவுக்கோதான் முதலிடம். கடைசியாகக் கைக்குக் கிடைப்பது தரம் 2 படிக்கும் தம்பிக்கு. அப்போது அவனுக்கு நித்திரை வந்துவிடும். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அந்த வீட்டின் இலக்கம் இருக்கும், பிள்ளை இருக்காது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நமது ஆரம்பக் கல்விப் பாடவிதானமே விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றின் மீது கட்டப்பட்டது. தரம் 1, 2 அடங்கிய முதலாவது முதன்மை நிலையில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்குமே அதிக இடம். ஆறு வயதுப் பிள்ளையை நாற்பது நிமிடம் திரையின் முன் இருத்தி வைப்பது, இணையம் தாராளமாகக் கிடைக்கும் வீட்டிலும் நல்ல கற்பித்தல் ஆகாது.

முதல் வேலை: பெயர்ப்பட்டியல்

பாடசாலை திறந்திருக்கும் காலத்திலேயே ஒவ்வொரு வகுப்பாசிரியரும் ஒரு பட்டியலைத் தயாரித்து வைக்க வேண்டும். வீட்டில் என்ன வகையான தொலைபேசி உள்ளது, அது யாரிடம், எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும், சமிக்ஞை கிடைக்குமா, அதே பாடசாலையில் படிக்கும் சகோதரர்கள் எத்தனை பேர், பகலில் பிள்ளையுடன் இருப்பவர் யார், அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா, கிட்டிய பொது இடம் எது என்பவை அதில் இருக்க வேண்டும். பெற்றோர் கூட்டம் ஒன்றில் அரை மணிநேரத்தில் இதைத் திரட்டிவிடலாம். கூட்டத்துக்கு வராத பெற்றோரின் விபரத்தைத்தான் முதலில் தேடிப் பெற வேண்டும். பின்னர் தொடர்பு அறுந்து போவது பெரும்பாலும் அந்த வீடுகளில்தான்.

இந்தப் பட்டியலின்படி பிள்ளைகள் நான்கு பிரிவாக அமைவார்கள்: பகலில் ஸ்மார்ட் தொலைபேசி உள்ளவர்கள், இரவில் மட்டும் உள்ளவர்கள், சாதாரண தொலைபேசி மட்டும் உள்ளவர்கள், எதுவும் இல்லாதவர்கள். நான்காவது பிரிவினருக்குப் பொருந்தும் வகையில் திட்டத்தை வகுத்தால் மற்ற மூன்று பிரிவினருக்கும் அது பொருந்தும். 2020இலும் 2021இலும் பல இடங்களில் முதல் பிரிவை மனதில் வைத்தே வேலைகள் தொடங்கப்பட்டன.

அடித்தளம் கடதாசி

வாரத்திற்கு ஒரு பொதி என்பது சரியான அளவு. தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஆகியவற்றிற்கு ஐந்து, ஆறு செயலட்டைகள் போதும். ஒவ்வொரு அட்டையின் தலைப்பிலும் வீட்டிலுள்ள பெரியவருக்கு ஒரு வரி எழுதப்பட்டிருக்க வேண்டும்: "பிள்ளை எண்ணும்போது விரலால் தொட்டு எண்ணச் சொல்லுங்கள்" என்பது போல. பாடநூல் ஏற்கனவே இலவசமாகப் பிள்ளையின் கையில் இருக்கிறது. அதில் உள்ளதை மறுபடி பிரதி எடுக்காமல், பக்க இலக்கத்தைக் குறிப்பிட்டால் கடதாசியும் மிச்சமாகும்.

கற்றல் உபகரணங்களுக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, பத்துப் பத்தாகக் கட்டுவதற்கு ஈர்க்கு, நீளம் அளக்கச் சாண், கொள்ளளவுக்குத் தேநீர்க் கோப்பை. தோட்டத்துப் பிள்ளைக்கு அம்மா பறித்த கொழுந்தின் நிறையே கணக்காகும்: காலையில் எத்தனை கிலோ, பின்னேரம் எத்தனை கிலோ, மொத்தம் எவ்வளவு? கரையோரக் கிராமத்தில் மீன் கூறுகளை வைத்துப் பெருக்கல் படிக்கலாம். சுற்றாடல் பாடத்தில் வளவிலுள்ள மரங்களின் இலைகளைச் சேர்த்து ஒப்பிடலாம்.

பொதியை விநியோகிக்கும் வழி ஊருக்கு ஊர் மாறும். பாடசாலை வாசலில் வகுப்புக்கு ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுக்கலாம். யாழ்ப்பாணக் கிராமங்களில் சனசமூக நிலையமும் வாசிகசாலையும் இருக்கின்றன. தோட்டங்களில் பிள்ளை பராமரிப்பு நிலையம் அல்லது கோயில் வளவு உதவும். பொதி கொடுக்கும் நாளே முடித்த பொதியைத் திருப்பிப் பெறும் நாளாகவும் இருந்தால், யார் வரவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும்.

வட பகுதிக்கு இது புதிதல்ல. மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் யாழ்ப்பாணப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். அப்போது அவர்களிடம் இருந்தவை கொப்பியும் பாடநூலும், விடாமல் தொடர்பில் இருந்த ஆசிரியர்களும்தான்.

தொலைபேசியின் சரியான பயன்

ஒரு மணிநேரக் காணொளி வகுப்பு சில நூறு எம்.பி. டேட்டாவை விழுங்கும். இரண்டு நிமிடக் குரல்பதிவுக்கு ஒரு எம்.பி.கூடத் தேவையில்லை. அதை இரவில் தகப்பன் வந்த பிறகும் கேட்கலாம், பிள்ளை விரும்பினால் பத்துத் தடவையும் கேட்கலாம். தன் ஆசிரியையின் குரலில் தன் பாடப்புத்தகக் கதையைக் கேட்பது சிறு பிள்ளைக்கு வெறும் பாடமல்ல, தெம்பும்கூட. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் உள்ளவையும் தொலைக்காட்சிக் கல்வி நிகழ்ச்சிகளும் மேலதிக உதவிக்கு நல்லவை. ஆனால் அவற்றுக்கு அந்தப் பிள்ளையின் பெயர் தெரியாது.

எல்லாவற்றிலும் பயனுள்ளது நேரடியான தொலைபேசி அழைப்பு. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் வாரத்திற்கு 150 நிமிடம். நாளொன்றுக்கு ஆறு பிள்ளைகள், அரை மணிநேரம். சாதாரண தொலைபேசியே இதற்குப் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளையைப் பாடநூலின் ஒரு பந்தியை வாசிக்கச் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டித் தடுமாறுகிறதா, ஊகித்துச் சொல்கிறதா, சரளமாக வாசிக்கிறதா என்பது காதில் தெரிந்துவிடும். செயலட்டையை அக்கா செய்து கொடுக்கலாம். வாசிப்பை யாரும் மாற்றிச் செய்து கொடுக்க முடியாது.

வீட்டாரிடம் எதைக் கேட்கலாம்?

பெற்றோரை ஆசிரியராக மாற்ற முயன்றால் இரு தரப்பும் களைத்துப் போகும். காலையில் கொழுந்து பறிக்கவோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகும் தாயிடம், இரவு ஏழு மணிக்குப் பின்னக் கணக்கை விளக்கச் சொல்வது நியாயமல்ல. அவரிடம் மூன்று விடயங்களைக் கேட்கலாம். தினமும் ஒரே நேரத்தில் பிள்ளை கொப்பியுடன் இருக்க ஓர் இடம். பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து கேட்பது. அட்டையில் பிள்ளை தானே செய்ததை அப்படியே விடுவது, பிழையாக இருந்தாலும்.

எழுத வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும் பெரிய உதவிதான். அவர் சொல்லும் கதையைப் பிள்ளை கேட்டு, தன் சொற்களில் தொலைபேசியில் ஆசிரியைக்குத் திருப்பிச் சொல்லலாம். கேட்டல், பேச்சு இரண்டும் மொழித் தேர்ச்சிகளே.

தரம் 5 வீடுகளில் வேறொரு நெருக்கடி உண்டு. 2021ஆம் ஆண்டுக்கான புலமைப்பரிசில் பரீட்சை 2022 ஜனவரி 22ஆம் திகதியே நடந்தது. திகதி தள்ளிப்போன மாதங்களில் வசதியுள்ள பிள்ளைகள் இணையவழி ரியூசனில் மாதிரி வினாத்தாள்களைச் செய்து குவித்தார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். பாடசாலை இந்த இடைவெளியை முழுதாக அடைக்க முடியாது. ஆனால் வாரப் பொதியுடன் திருத்திய வினாத்தாள் ஒன்றையாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகக் கொடுக்கலாம்.

திருத்தித் திருப்பிக் கொடுத்தல்

கொடுத்த அட்டை திருத்தப்பட்டுத் திரும்பி வராவிட்டால் மூன்றாவது வாரத்தில் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிடும். எல்லா அட்டைகளையும் திருத்த நேரமில்லாவிட்டால் ஒன்றையாவது கவனமாகப் பார்த்து, பிள்ளையின் பெயர் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும்: "கவின், 'ழ' அழகாக வந்திருக்கிறது. கழித்தலில் கடன் வாங்குவதை மறுபடி பார்." குழுவில் அனுப்பப்படும் பெருவிரல் அடையாளம் இதற்கு ஈடாகாது.

இரண்டு வாரம் சத்தமில்லை என்றால்

இரண்டு பொதிகள் தொடர்ந்து திரும்பாவிட்டால், அழைப்பும் எடுபடாவிட்டால், அந்தப் பிள்ளையைத் தேடிப் போக வேண்டும். ஆசிரியரால் போக முடியாதபோது கிராம அலுவலர், குடும்ப நல உத்தியோகத்தர், பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர், பழைய மாணவர் என யாரையாவது அனுப்பலாம். குடும்பம் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். தகப்பனின் நாட்கூலி நின்று வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் இருக்கலாம். பாடசாலை மூடும்போது மதிய உணவும் நின்றுவிடுகிறது என்பதை மறக்கக்கூடாது. பிள்ளை தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ வேலைக்கோ விடப்பட்டிருக்கலாம். துன்புறுத்தல் பற்றிய சந்தேகம் எழுந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்திற்கு அறிவிக்க வேண்டும். சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளின் வீடுகளை இரண்டு வாரம் வரை காத்திராமல் முதல் வாரத்திலேயே பார்ப்பது நல்லது.

பாதுகாப்பு விடயத்தில் பாடசாலையும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். வகுப்புக் குழுவில் பிள்ளைகளின் படங்களையும் பெற்றோரின் சொந்த விபரங்களையும் பரப்பக்கூடாது. புள்ளிகளை எல்லோரும் பார்க்கப் போடக்கூடாது. பிள்ளையுடன் பேசும் அழைப்பு பெரியவர் ஒருவரின் முன்னிலையில் இருக்க வேண்டும்.

செலவு யாருடையது?

கொவிட் காலத்தில் பல ஆசிரியர்கள் தமது பணத்திலேயே டேட்டா போட்டார்கள், தமது பணத்திலேயே போட்டோப் பிரதி எடுத்தார்கள். 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்னிறுத்தி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது, இந்தச் சுமையும் அதன் பின்னணியில் இருந்தது. கடதாசிக்கும் உத்தரவாதம் இல்லை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன.

எனவே ஒரு தவணைக்குத் தேவையான கடதாசி, மை, ஆசிரியர்களின் அழைப்புக் கட்டணம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே நிதி ஒதுக்கப்பட வேண்டும். பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர் உறவுகளும் 'டெப்' வாங்கிக் கொடுக்க முன்வருவது நல்லதுதான். ஆனால் பத்துப் பிள்ளைகளுக்கு டெப் வாங்கும் பணத்தில் முழு ஆரம்பப் பிரிவுக்கும் எத்தனை வாரப் பொதிகள் கொடுக்கலாம் என்பதை அதிபர்கள் அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வலயக் கல்வி அலுவலகங்கள் "எத்தனை இணைய வகுப்புகள் நடந்தன" என்று கேட்கும் படிவத்தில், "எத்தனை பிள்ளைகளுடன் தொடர்பு இல்லை" என்ற நிரலையும் சேர்க்க வேண்டும். மேலிடம் எதைக் கேட்கிறதோ அதையே பாடசாலை எண்ணும்.

மீண்டும் திறக்கும்போது

திறந்த முதல் வாரத்தில் விட்ட பாடங்களைத் துரத்தக்கூடாது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே வாசிக்கவும் எண்ணவும் செய்து, எந்த அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தரம் 3இல் இருக்கும் பிள்ளைக்குத் தரம் 1இன் எழுத்து தேவைப்பட்டால், தினமும் ஒரு பாடவேளையை அதற்கு ஒதுக்குவதில் வெட்கம் எதுவும் இல்லை.

2020இல் தரம் 1இல் சேர்ந்த பிள்ளைகள் 2024 செப்டெம்பரில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி, இப்போது இடைநிலைப் பிரிவில் இருக்கிறார்கள். அவர்களில் சரளமாக வாசிக்க முடியாதவர்களை வகுப்பாசிரியர்கள் அறிவார்கள். அவர்களுக்கான பரிகாரக் கற்பித்தல் இன்னும் தாமதமாகிவிடவில்லை. அடுத்த மூடலுக்கான வகுப்புப் பட்டியலை இந்தத் தவணைப் பெற்றோர் கூட்டத்திலேயே எடுக்கத் தொடங்கலாம்.