பிள்ளைப் பருவங்களும் குமரகுருபர அடிகளும்

மகப்பேறு வாய்த்த இல்லத்தில் தாயர்க்குக் காலக்கணக்காக நிற்பன குழவியின் செயல்களே. தலை நின்றது இன்ன திங்களில், தவழ்ந்தது இன்ன திங்களில், நடை பயின்றது இன்ன திங்களில் என்று அவர் உள்ளத்தில் எழுதி வைப்பர். இக்கணக்கினையே உறுப்பாகக் கொண்டு எழுந்த பிரபந்தம் பிள்ளைத்தமிழ். இன்று கிடைப்பனவற்றுள் முற்பட்டது, இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133–1150) மீது ஒட்டக்கூத்தர் பாடியதாகும்.

மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள் ஈறாக, ஒற்றைப்பட்ட திங்கள்தோறும் ஒரு பருவமாகப் பத்துப் பருவம் வகுத்தல் பாட்டியல் மரபு. மூன்றிற் காப்பு. ஐந்திற் செங்கீரை; ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் நிலத்தூன்றித் தலை நிமிர்த்துக் குழவி ஆடும் ஆட்டம் அது. ஏழில் தால், ஒன்பதிற் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வாரானை. கைகொட்டுதலும், ஓராண்டு நிரம்பியபின் தளர்நடையிடுதலும் ஏறக்குறைய இத்திங்கள்களிலேயே இன்றும் நிகழக் காண்கின்றோம். இவ்விலக்கணம் தொட்டிலருகே நின்றவர் கண்டு சொன்னதாதல் வேண்டும்.

சேக்கிழார் பெருமானும் இவ்வழியே சென்றார். ஆளுடைய பிள்ளையார் செங்கீரையாடித் தலையெடுத்ததை அருமறைகள் தலையெடுத்ததாகவே கண்டு பாடினார். தாயர் கண்ட காட்சியும் அடியார் கண்ட காட்சியும் அங்கே ஒன்றாயின.

இப்பத்தினுள்ளும் பேச்சுக்கெனத் தனிப்பருவம் இல்லாமை வியப்பிற்குரியது. கீர் என்பதற்குச் சொல் எனப் பொருள்கொண்டு செங்கீரையை மழலையொடு சார்த்துவாரும் உளர். தால் என்பது நாவாயினும், ஆண்டு அசைவது தாலாட்டும் தாயின் நாவேயன்றிச் சேயின் நாவன்று. பேச்சுத் தானே வரும் என்று விடுத்தனர் போலும். வாராதொழியின் பெற்றோர் படும் பாடு சொல்லுந்தரத்ததன்று.

அத்துயரைப் பட்டவர் திருவைகுண்டத்துச் சண்முகசிகாமணிக் கவிராயரும் அவர் வாழ்க்கைத்துணைவியார் சிவகாமசுந்தரி அம்மையாரும். பதினேழாம் நூற்றாண்டில் அவர்க்குப் பிறந்த மகவு ஐந்தாண்டு நிரம்பியும் வாய் திறந்திலது. கவிராயர் மனையிற் பிறந்த பிள்ளைக்குச் சொல் இல்லை என்னும்போது அத்தந்தையார் நெஞ்சம் என்பட்டிருக்கும்! திருச்செந்தூர் சென்று முருகப்பெருமான் திருமுன்பு கிடந்தனர். ஆண்டுப் பெருமான் அருளால் நாத் திறக்கப்பெற்று அப்பிள்ளை பாடியதே கந்தர் கலிவெண்பா என்பது வரலாறு. மழலை என்னும் இடைநிலை இன்றியே கலிவெண்பா வந்தது. அப்பிள்ளையே பிற்காலத்துத் தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரை ஞானாசிரியராகக் கொண்ட குமரகுருபர அடிகள்.

அடிகள் மதுரையில் திருமலை நாயக்கர் (1623–1659) காலத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அருளிச்செய்தார். அரங்கேற்றத்தின்கண் அம்மையே அர்ச்சகர் மகளாக வந்து, மன்னனது முத்துமாலையை வாங்கி அடிகட்குச் சூட்டினாள் என்பர். புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும் அடிகள் பாடியதே.

இங்கு ஒரு வினா எழும். சிவபெருமான் பிறப்பிலி, ஆதலின் அவர்மீது பிள்ளைத்தமிழ் பாடுதல் மரபன்று. அம்மைக்கு மட்டும் பருவம் யாங்ஙனம் பொருந்தும்? அருட்சத்தி உயிர்கள்பொருட்டுத் திருவுருக்கொண்டு எளிவந்து விளையாடுதல் பற்றிப் பொருந்தும் என்க. ஆயினும் மதுரை வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் மகவு வேண்டி இயற்றிய வேள்வியில், தடாதகைப் பிராட்டியார் மூன்றாண்டுப் பெண்மகவாகவே தோன்றினார் என்று திருவிளையாடல் கூறும். பாட்டியலார் வகுத்த திங்கள் இருபத்தொன்றும் அத்தோற்றத்திற்கு முன்னரே கழிந்தன. செங்கீரையும் சப்பாணியும் முதல் நடையும் காஞ்சனமாலை கண்டிலள். அவள் காணாத அத்திங்கள்களையே, ஐந்தாண்டு ஊமையாய்த் தம் தாயை வருத்திய பிள்ளை ஒவ்வொன்றாகப் பாடி, அம்மானை, நீராடல், ஊசல் ஈறாக நிறைவு செய்தது.