வண்டியை நிறுத்தவைத்த ஊர்கள்: அமெரிக்க மத்திய மேற்கின் சாலையோர விந்தைகள் உருவான வரலாறு

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் காரில் போகிறவர்கள், மைல் கணக்கில் நீளும் வயல்களுக்கு நடுவே எதிர்பாராத உருவங்களைச் சந்திக்கிறார்கள். நார்த் டகோட்டாவில் 60 டன் எடையுள்ள கான்கிரீட் காட்டெருமை நிற்கிறது. விஸ்கான்சினில் 143 அடி நீளமுள்ள ஃபைபர்கிளாஸ் மீன். நெப்ராஸ்காவில் பழைய கார்களை மண்ணில் செங்குத்தாக நட்டு எழுப்பிய ஒரு ஸ்டோன்ஹெஞ்ச். இவை கிராமத்துக் கிறுக்கர்களின் கைவேலை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கடைக்காரர்களின் விளம்பர உத்தி என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவை ஏன் பெருநகரங்களை விட்டு இந்தச் சிற்றூர்களில் குவிந்தன, ஏன் குறிப்பிட்ட சில பத்தாண்டுகளில் பெருகின என்ற கேள்விகளுக்கு இரண்டு விளக்கங்களும் விடை தருவதில்லை. பயணி எந்த ஊரில் நிற்பார் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் சிலமுறை கைமாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வழியிலுள்ள ஊர்கள் தம் இருப்பைத் தெரிவிக்கப் புதிய வடிவம் தேட வேண்டியிருந்தது. அந்தத் தேடலின் தடயங்களாகவே இந்த விந்தைகளை வாசிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ரயில் காலத்தில் அந்த அதிகாரம் கம்பெனியின் கால அட்டவணையிடம் இருந்தது. தண்டவாளம் தொட்ட ஊருக்கு ஆள் வருவது உறுதி. விலகிப்போன ஊர் படுத்துவிடும். ஆகவே அன்றைய ஊர்கள் வழிப்போக்கரை மறிக்க முயலவில்லை. நாள் குறித்து விழா எடுத்து, கூட்டத்தை ரயிலில் வரவழைத்தன. அயோவாவின் சூ சிட்டி 1887 முதல் 1891 வரை ஆண்டுதோறும் மக்காச்சோளத்தால் போர்த்திய ஓர் அரண்மனையை எழுப்பி விழா நடத்தியது. 1892-இல் அந்த வழக்கத்தை சவுத் டகோட்டாவின் மிட்செல் கையில் எடுத்தது. தங்கள் மண் விளையும் மண், நம்பிக் குடியேறலாம் என்று காட்டுவதே நோக்கம். 1904-இல் மாநிலத் தலைநகர் தகுதிக்கு நடந்த வாக்கெடுப்பில் மிட்செல் பியரிடம் தோற்றது. மறு ஆண்டே பழையதைவிடப் பெரிய அரண்மனை எழுந்தது. இன்று நிற்பது 1921-இல் கட்டிய மூன்றாவது கட்டடம். அதன் சுவர் அலங்காரம் செய்யப்படும் விதத்தைச் சற்று அருகே போய்ப் பார்ப்பது நல்லது. நிறத்துக்கு ஒரு ரகமாக, பத்துக்கும் மேற்பட்ட நிறங்களில் சோளம் தனித்தனியே பயிரிடப்படுகிறது. கோடு போட்ட கருப்புத் தார்த்தாள் பலகைகளில் எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று குறித்திருக்கும். கதிர்களை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, தட்டையான பக்கத்தைப் பலகையில் வைத்து ஆணி அடிக்கிறார்கள். ஓரங்களுக்கு ரை என்ற தானியத்தின் தாள்கள். ஆண்டு கழிந்ததும் அத்தனையும் பிரித்து எடுக்கப்படும். கடும் வறட்சி வந்த 2006-இல் புது அலங்காரமே ஏறவில்லை. விளைச்சலை நம்பி நிற்கும் இந்தக் கட்டடத்துக்குக் குவிமாடங்களும் கோபுரங்களும் 1937-இல் வந்து சேர்ந்தன. ரயில் கூட்டத்துக்காகப் பிறந்த அரண்மனை அப்போது கார்க்காரர்களுக்கான நிறுத்தமாக மாறிக்கொண்டிருந்தது என்பதை நான் இதோடு சேர்த்தே பார்க்கிறேன்.

1926-இல் தேசிய அளவில் சாலைகளுக்கு எண் இடப்பட்டது. காரில் போகிறவர் எங்கே நிற்பது என்பதைத் தாமே முடிவு செய்தார், நிற்காமலும் போனார். ஊரைக் கடக்கும் சில நொடிகளுக்குள் அவர் மனத்தை மாற்றியாக வேண்டும். இதற்கான இலக்கணத்தை முதலில் வகுத்தது மினசோட்டாவின் பர்மா ஷேவ் என்ற சவரக் களிம்புக் கம்பெனி. 1925 முதல், ஒரே பாட்டைச் சில சொற்களாக உடைத்து அடுத்தடுத்த பலகைகளில் எழுதி, ஓடும் வண்டியின் வேகத்துக்கே வாசிப்பைப் பொருத்தியது. சவுத் டகோட்டாவின் வால் என்ற ஊரில் 1931-இல் மருந்துக்கடை வாங்கிய டெட், டாரதி ஹஸ்டெட் தம்பதி, ஐந்து ஆண்டு வியாபாரம் இல்லாமல் தவித்தபின், 1936 கோடையில் அதே பாணியில் இலவசக் குளிர்ந்த நீர் என்று நெடுஞ்சாலையோரம் பலகை நட்டார்கள். அப்போது அது சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த ஊர். வெயிலில் வறண்ட சமவெளியைக் கடந்து வருகிறவருக்கு மருந்தைவிடத் தண்ணீர்தான் முதல் தேவை என்பதை அந்தப் பலகை சரியாகக் கணித்திருந்தது. மறு ஆண்டு மினசோட்டாவின் பெமிஜி, குளிர்கால விழாவுக்காக மரவெட்டிக் கதைகளின் நாயகன் பால் பன்யனை 18 அடி உயரத்தில், நீல எருதோடு ஏரிக்கரையில் நிறுத்தியது. பெருங்காடுகள் வெட்டித் தீர்ந்து மரத் தொழில் நொடித்த வட்டாரம் அது. ஏரிக்கு வரும் உல்லாசப் பயணிகளே அடுத்த பிழைப்பு. ரஷ்மோர் மலையில் செதுக்கிய நான்கு அதிபர் முகங்களும் இதே வரிசையில் வருபவைதான். மாநில வரலாற்றாளர் டோன் ராபின்சன் 1920-களில் அந்த யோசனையை முன்வைத்தபோது, சவுத் டகோட்டாவுக்குப் பயணிகளை இழுப்பதே அவர் நோக்கம்.

1956-ஆம் ஆண்டின் சட்டம் மாநிலங்களை இணைக்கும் விரைவு நெடுஞ்சாலைகளைக் கொண்டுவந்தது. புதிய சாலை ஊருக்குள் நுழையவில்லை. மைல் கணக்கில் விலகியும் ஓடியது. இப்போது எங்கே இறங்கலாம் என்பதைப் பொறியாளர் வரைந்த வெளியேறு பாதைகள் பெருமளவு தீர்மானித்தன. 1965-இல் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் வந்து, சாலையிலிருந்து 660 அடிக்குள் விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்தியது. தன் சொந்த இடத்தில் நிற்கும் அடையாளங்களுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. தூரமும் வேகமும் கூடியபோது உருவங்களும் பெருத்தன. நார்த் டகோட்டாவின் நியூ சேலம் 1974-இல் 38 அடி உயரப் பசுவைக் குன்றின்மேல் ஏற்றியது. அது பல மைலுக்கு அப்பாலேயே தெரியும். மினசோட்டாவின் புளூ எர்த், ஊரை ஒதுக்கிச் சென்ற 90-ஆம் எண் சாலைக்குப் பதிலடியாக, 1979-இல் 55 அடி உயரப் பச்சை அரக்கனை நிறுத்தியது. ஃபைபர்கிளாஸ் இதற்கெல்லாம் தோதான பொருள்: எடை குறைவு, ஒருமுறை அச்சு செய்துவிட்டால் மறுபடியும் வார்க்கலாம். இந்தப் போக்கின் உச்சம் நார்த் டகோட்டாவின் ரீஜென்ட். ஊர் விரைவு நெடுஞ்சாலையிலிருந்து 32 மைல் தள்ளி இருக்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்த கேரி கிரெஃப், 1989 முதல், எண்ணெய்த் தொட்டி, குழாய் போன்ற பழைய இரும்பைப் பற்றவைத்து அந்த 32 மைல் நெடுகப் பெரும் சிற்பங்களை நிறுத்தினார். பயணியைத் திருப்பி ஊர்வரை அழைத்துவர வேண்டுமென்றால், அந்த வழியையே பார்க்கத் தக்கதாக ஆக்க வேண்டும் என்று அவர் கண்டது, ஐம்பது ஆண்டுச் சாலை வரலாற்றின் சாரத்தைப் புரிந்துகொண்ட செயல்.

இவை கடைசியில் வியாபாரம்தானே என்ற ஆட்சேபத்துக்கு இலினாயின் காலின்ஸ்வில் நல்ல பதில். அங்கே 1949-இல், தக்காளி சாஸ் ஆலைக்கான தண்ணீர்த் தொட்டியை 170 அடி உயரத்தில் சாஸ் பாட்டிலாகவே கட்டினார்கள். 1960-களில் பாட்டிலில் அடைக்கும் வேலை வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. விற்கச் சரக்கில்லாத விளம்பரம் துருப்பிடித்து இடிக்கும் நிலைக்கு வந்தபோது, ஊர்க்காரர்கள் பணம் திரட்டி 1995-இல் அதைப் புதுப்பித்தார்கள். வியாபாரம் போனபின்னும் காக்கப்பட்ட பொருளை வியாபாரத்தால் மட்டும் விளக்க முடியாது.

தனிமனிதப் பித்து என்ற வாதம் இதைவிடக் கனமானது. மினசோட்டாவின் டார்வினில் ஃபிரான்சிஸ் ஜான்சன் 1950-இல் வைக்கோல் கட்டும் கயிற்றை உருட்டத் தொடங்கி 29 ஆண்டுகள் உருட்டினார். பந்து பெருத்ததும் ரயில்வே ஜாக்கிகளால் தூக்கித் தூக்கிச் சமமாகச் சுற்றினார். எடை சுமார் 8 டன். கான்சஸின் காக்கர் சிட்டியில் ஃபிராங்க் ஸ்டோபர் 1953-இல் தொடங்கினார். இருவருமே சாலைக்காரரை மனத்தில் வைத்துத் தொடங்கியதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. அயோவாவின் வெஸ்ட் பெண்டில் 1912 முதல் கற்களால் கெபி கட்டிய பாதிரியார் பால் டாபர்ஸ்டைன் பக்தியால் கட்டினார். அவரை என் வாதத்துக்குள் இழுப்பது அநியாயம். ஆனால் ஒருவர் ஒரு பொருளைச் செய்வது வேறு, ஓர் ஊர் அதைத் தன் அடையாளமாக ஏற்பது வேறு. ஸ்டோபர் 1961-இல் பந்தை ஊருக்குக் கொடுத்தார். ஊர் அதற்குப் பிரதான சாலையில் கூரை போட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் விழா எடுத்து, வருகிறவர்கள் கையால் கயிறு சேர்க்கவைத்து, 9 டன்னைத் தாண்ட வளர்த்தது. ஜிம் ரைண்டர்ஸ் 1987-இல் தந்தை நினைவாகக் நெப்ராஸ்காவில் கார்களை நட்டபோது அங்குள்ள அலையன்ஸ் நகரம் எதிர்த்தது. பின்னாளில் அதே நகரம் அதைத் தன் உடைமையாக ஏற்றுக்கொண்டது. வரலாற்றாசிரியர் தேட வேண்டியது இந்த ஏற்பு நிகழ்ந்த தருணத்தை.

இவற்றால் ஊர்கள் பிழைத்தனவா? மக்கள்தொகையை அளவுகோலாக வைத்தால் பெரும்பாலும் இல்லை. காக்கர் சிட்டியில் இன்று 500 பேர்கூட இல்லை; ரீஜென்டில் 200 பேர்கூட இல்லை. பண்ணைகள் பெரிதாகி, வேலையாள் தேவை குறைந்ததால் வந்த சரிவை ஒரு சிற்பம் தடுக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறான கணக்கு. பராமரிப்பு என்ற பொது வேலை ஊரைச் சேர்த்து வைத்தது என்பதுதான் சான்றுகள் காட்டும் பயன். இதைவிட எனக்கு முக்கியமாகப் படும் குறை வேறு: நிறுத்திக் காட்ட ஓர் ஊர் எதைத் தேர்ந்தது, எதை விட்டது? காக்கர் சிட்டிக்குப் பக்கத்திலேயே வகோண்டா ஊற்று இருந்தது. சமவெளிப் பூர்வகுடிகள் புனிதமாகப் போற்றிய அந்த ஊற்று 1960-களில் க்ளென் எல்டர் அணையின் நீருக்குள் மூழ்கியது. மிட்செலில் நிலைமை சற்று மேல். டகோட்டா ஓவியர் ஆஸ்கர் ஹவ் 1948 முதல் 1971 வரை அரண்மனைச் சுவர்களுக்குச் சித்திரம் வரைந்து தந்தார். பெமிஜியில் மரவெட்டிக்கு 1937-இலேயே சிலை கிடைத்தது. அந்த ஏரிக்கரையில் வாழ்ந்து, ஊரின் பெயரோடு இணைந்துபோன ஒஜிப்வே தலைவர் ஷேனோவிஷ்குங்குக்கு, அவரது சொந்தப் பெயரோடும் அவர் மக்களின் வரலாற்றைச் சொல்லும் பலகைகளோடும் வெண்கலச் சிலை எழுந்தது 2015-இல்தான். சாலையோர விந்தைகளின் அடுத்த கட்ட ஆய்வு இந்த இடைவெளியிலிருந்து தொடங்க வேண்டும்.